ஒடாட்டிஸ் முதல் மனோன்மணி வரை



சற்று முன் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். அது ஒரு நாடக நூலின் வாழ்த்துப் பகுதி. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ அந்த நூல். 1970இல் அரசு விழாக்களின் பாடலாக அந்த வாழ்த்து ஆணை பெற்றது. தமிழ்நாட்டில் அதைப் பாடாத பள்ளி அரிது. ஆனால் வாழ்த்தைக் கடந்து நாடகத்துக்குள் போனவர்கள் மிகக் குறைவு. அரியணைப் போட்டியைச் சொல்லும் வரலாற்றுப் புனைவைப் பற்றிப் பேச நாம் இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம்; பண்டைய கிரேக்க உலகிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அமைப்பாளர்களின் விருப்பம். கிரேக்கத்துக்கும் இந்தத் தென்பாண்டிச் சீமைக்கும் நடுவே வழி தேடினால், அந்த வழி மனோன்மணீயத்தின் ஊடாகவே செல்கிறது. ஆகவே என் உரை முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

அலெக்சாந்தரின் அவையில் சாரெஸ் என்று ஒருவர் இருந்தார். மித்திலீனி ஊர்க்காரர். அரசரைக் காண வருவோரை உள்ளே அழைத்துச் செல்வது அவர் வேலை. யாரை முதலில் விடுவது, யாரைக் காக்க வைப்பது என்பதெல்லாம் அவர் கையில். அவர் எழுதிய நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளே உள்ளன. அவற்றில் ஒன்றைப் புளூட்டார்க் தருகிறார். விருந்தில் அலெக்சாந்தர் மதுக்கிண்ணத்தை நண்பர்களிடம் நீட்டுகிறார். ஒவ்வொருவரும் வாங்கிக் குடித்து, அரசரின் முன் பணிந்து, அவரிடம் முத்தம் பெற்று அமர்கிறார்கள். வரலாற்றாசிரியர் கலிஸ்தெனீஸ் குடிக்கிறார், பணியவில்லை. பேச்சில் இருந்த அரசர் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் சொல்லிக் கொடுக்கிறார். அரசர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெரும் போர்களை விட்டுவிட்டு இப்படி ஒரு கணத்தைக் குறித்துவைக்க வாயிலில் நின்றவரால்தான் முடியும். அதிகாரம் எந்த நொடியில் யாரிடமிருந்து விலகுகிறது என்று பார்ப்பதே அவருடைய பிழைப்பு.

அதே சாரெஸ் ஒரு காதல் கதையும் சொன்னார். கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய அதீனியஸ், விருந்துப் பேச்சாகவே அமைந்த தம் பெருநூலின் 13ஆம் பகுதியில் அதைப் பாதுகாத்துத் தந்தார். தனாயிஸ் ஆற்றுக்கு அப்பால் ஆண்ட ஒமார்ட்டெஸ் என்னும் அரசனுக்கு ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் ஒடாட்டிஸ். அவளும் ஸாரியாட்ரெஸ் என்னும் வேற்று நாட்டு அரசனும் ஒருவரையொருவர் கனவில் கண்டு காதல் கொள்கிறார்கள். அவன் பெண் கேட்கிறான். ஆண் வாரிசு இல்லாத தந்தை, தன் உறவுக்குள்ளேயே அவளைக் கொடுக்க எண்ணி மறுக்கிறான். பின்னர் ஒரு விருந்து வைத்து, பொற்கிண்ணத்தை நிரப்பி விரும்பியவனிடம் கொடு, அவனே உன் கணவன் என்கிறான். அவையில் இருப்பவர்களில் கனவில் கண்ட முகம் இல்லை. அவள் அழுதபடியே கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும்போது, சித்திய உடையில் மாறுவேடமாக வந்த ஸாரியாட்ரெஸ் அருகே வந்து சேர்கிறான். கிண்ணம் அவன் கைக்குப் போகிறது. இந்தக் கதையை ஆசிய மக்கள் கோயில்களிலும் அரண்மனைகளிலும் வீடுகளிலும் ஓவியமாக எழுதிவைத்தார்கள் என்றும், பிரபுக்கள் பலர் தம் பெண்களுக்கு ஒடாட்டிஸ் என்று பெயரிட்டார்கள் என்றும் சாரெஸ் சேர்த்துச் சொல்கிறார்.

கதையின் முடிச்சு காதலில் இல்லை, வாரிசு இல்லாத அரியணையில் இருக்கிறது. மகளை யார் மணக்கிறானோ நாடு அவனுக்கு. கிரேக்கர் நம்மைப் பற்றிச் சொன்ன கதையிலும் இதே முடிச்சு உண்டு. மெகஸ்தனீஸ் கேட்டு எழுதியதாக அர்ரியன் தரும் செய்தியில், ஹெராக்ளீஸ் தன் ஒரே மகள் பாண்டையாவுக்கு ஒரு நாட்டையும் 500 யானைகளையும் 4,000 குதிரைகளையும் 1,30,000 காலாட்படையையும் கொடுக்கிறான். மதுரையில் அங்கயற்கண்ணியின் திருமணத்தை ஆண்டுதோறும் கண்டு வளர்ந்த நமக்கு, மகள் வழியாக வரும் பாண்டிய அரசு புதிய செய்தி அன்று.

1866இல் லிட்டன் பிரபு ‘மிலீட்டஸின் தொலைந்த கதைகள்’ என்ற கவிதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒமார்ட்டெஸின் கதை அதில் ‘ரகசிய வழி’ என்ற தலைப்பில் வருகிறது. சாரெஸின் சிறு கதைக்குள் லிட்டன் போரையும் முற்றுகையையும் மறைவான வழியையும் புகுத்தினார். அந்தக் கவிதையை எடுத்துக்கொண்டுதான் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயத்தைப் படைத்தார். கடனை மறைக்காமல் முன்னுரையில் சொல்லியும் இருக்கிறார். தனாயிஸ் ஆற்றங்கரை திருநெல்வேலி ஆயிற்று. பொற்கிண்ணம் மணமாலை ஆயிற்று. மறைவழியை அமைப்பவர் சுந்தர முனிவர் என்னும் துறவி. பிள்ளையவர்களின் ஞானகுரு கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் நினைவு அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. இவை கதையை ஊருக்கு ஏற்றபடி மாற்றியவை. நான் வியப்பது குடிலனைக் கண்டு.

மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் புதுக் கோட்டை கட்டிக்கொண்ட சீவகப் பாண்டியனின் அமைச்சன் குடிலன். சாரெஸின் கதையில் இப்படி ஒருவன் கிடையாது. குடிலன் வாள் எடுப்பதே இல்லை. அரசன் காதருகே நிற்கிறான், அவ்வளவுதான். சேரனிடம் பெண் பேசத் தூது போக வேண்டும் என்றால், முனிவர் சொன்ன நடராசனை விலக்கித் தன் மகன் பலதேவனை அனுப்பும்படி செய்கிறான். திருமணப் பேச்சோடு நாஞ்சில் நாட்டு உரிமைச் சிக்கலையும் முடிந்து விடுகிறான். தூது போரில் முடிகிறது. அதுதான் அவன் கணக்கு. போரில் அரசன் இறந்தால் அரியணை தனக்கு, பிழைத்தால் அரசன் மகள் மனோன்மணி தன் மகனுக்கு. தோல்விக்குப் பழி சுமக்க நேர்மையான நாராயணன் இருக்கிறான். நாட்டுக்குள் நடப்பது ஒவ்வொன்றும் அரசனின் சொந்த முடிவாகவே அரசனுக்குத் தெரிகிறது. இதை எழுதுவது மிகக் கடினம். தீயவனைக் கொடுவாளோடு மேடையேற்றுவது எளிது. பணிவே உருவாக நிற்பவனின் கையில் ஒரு நாடு சிறுகச் சிறுகப் போய்ச் சேர்வதைக் காட்சி காட்சியாகக் காட்ட அரசியல் அறிவு வேண்டும். சுரங்க வழியின் ரகசியத்தை முனிவர் மன்னனிடம் சொல்கிறார், மன்னன் அதைக் குடிலனிடமே ஒப்புவிக்கிறான் என்னும் இடத்தில் அந்த அறிவு உச்சத்தில் நிற்கிறது. ஏமாற்றப்பட்டவன் தன்னை ஏமாற்றியவனிடமே தொடர்ந்து யோசனை கேட்கிறான். மூடத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேறு யாரிடமும் கேட்க வழியில்லாதபடி அவனைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக அகற்றப்பட்டுவிட்டார்கள்.

சீவகன் என்றால் சீவன், குடிலன் என்றால் மாயை, முனிவர் என்றால் குரு என்று தத்துவ உருவகமாக இந்நாடகத்தைப் படிக்கும் மரபு ஒன்று உண்டு. ஆசிரியர் தத்துவப் பேராசிரியர்; அந்தப் பொருள் அதில் இருக்கவே செய்கிறது. ஆனால் அந்தப் படிப்பு மட்டுமே வகுப்பறையில் நிலைத்ததால் நாடகத்தின் அரசியல் மங்கிப்போயிற்று என்பது என் உறுதியான எண்ணம். மாயை என்று சொன்னதும் குடிலன் மேல் நமக்குக் கோபம் போய்விடுகிறது. அவனை அமைச்சனாகவே வைத்துப் படிக்க வேண்டும். குறையும் சொல்லிவிடுகிறேன்: முடிவு அவசரமானது. சேரன் புருடோத்தமன் குடிலனை விலங்கிட்டு, சுரங்கத்தின் வழியே வந்து, மாலை பெற்று எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறான். பத்தொன்பது களங்களில் கட்டிய இருட்டை ஒரே களத்தில் விலக்கியது எனக்கு நிறைவு தரவில்லை.

இந்தக் கதை நடக்கும் மண்ணுக்கு வருகிறேன். தென்காசி 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் தலைநகராகக் கொண்ட ஊர். அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினார். 1457இல் தொடங்கிய கோபுரத்தை அவருக்குப் பின் தம்பி குலசேகரர் முடித்தார். இக்கோயிலைப் பிற்காலத்தில் பேணிக் காப்பவர் யாரோ அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று பொருள்பட ஒரு பாட்டைக் கல்லில் வெட்டச் செய்தவர் அந்தப் பாண்டியர். தம் அரசு நிலைக்காது என்று தெரிந்த ஓர் அரசரின் குரல் அது. கோட்டை கட்டி மகிழும் சீவகனோடு அவரை வைத்துப் பாருங்கள்.

1532ஐ ஒட்டி இங்கே நடந்தது இன்னும் வியப்பானது. விசயநகரத்துக்கு எதிராகக் கலகம் செய்த அதிகாரி செல்லப்பன், திருவிதாங்கூர் அரசரான திருவடியிடம் அடைக்கலம் புகுகிறான். திருவடியால் நாடிழந்த பாண்டியன் விசயநகரப் பேரரசர் அச்சுதராயரிடம் முறையிடுகிறான். படை தாமிரபரணிவரை வருகிறது. திருவடி பணிகிறார். பாண்டியன் நாட்டைத் திரும்பப் பெற்று, தன் மகளை அச்சுதராயருக்கு மணம் செய்து கொடுக்கிறான். இவற்றை வடமொழிக் காவியமான ‘அச்சுதராயாப்யுதயம்’ பாடுகிறது. சேரநாட்டுப் பகை, துரோகம் செய்த அதிகாரி, நாடிழந்த பாண்டியன், வென்ற மன்னனுக்குப் பாண்டிய மகள். நாடகத்தின் உறுப்புகள் அத்தனையும் இங்கே வரலாறாகவே நடந்திருக்கின்றன. அந்த மகள் என்ன நினைத்தாள் என்பதைக் காவியம் நமக்குச் சொல்லவில்லை. ஒடாட்டிஸுக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது, மனோன்மணிக்கு ஒரு மாலை கிடைத்தது. இவள் கையில் ஒன்றும் இல்லை. தென்காசிப் பாண்டியர் மேல் நாவல் எழுத நினைப்பவர் தொடங்க வேண்டிய இடம் இந்தப் பெண் என்பேன்.

சுந்தரம் பிள்ளை வெறும் புனைவாளர் அல்லர். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, அந்நாட்டின் பழைய அரசர்களைப் பற்றி 1894இல் ஆய்வு நூல் வெளியிட்டவர். திருஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றுகளோடு விவாதித்தவர். ஓர் அரசனின் ஆட்சியாண்டுக்காகக் கல்லோடு மல்லாடிய அதே மனிதர், நாடகத்துக்கு எந்தக் கல்வெட்டிலும் இல்லாத சீவக பாண்டியனைத் தேர்ந்துகொண்டார். ஆண்டு குறிக்கவில்லை. உண்மையான பாண்டியன் ஒருவனைக் குடிலனுக்கு அருகே நிறுத்தினால், எழுதுவது அத்தனையும் அந்த மன்னன் மீது சாட்டும் குற்றமாகிவிடும். சான்றில்லாமல் குற்றம் சாட்ட அந்த ஆய்வாளர் உடன்படவில்லை என்று நான் கருதுகிறேன். அவருக்குப் பின் வந்த நம் சரித்திர நாவலாசிரியர்கள் பலருக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை.

கூச்சத்தோடு உண்மைப் பெயரையே எடுத்தாண்டவர் உண்டா என்றால், கல்கியைச் சொல்வேன். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் நட்புவட்டத்தைச் சேர்ந்தவர் அவர். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. அதன் மையத்தில் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரத்து உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, அவருடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. உறவினரின் நிலங்களையும் பறிக்கச் சொல்கிறது. கல்வெட்டில் துரோகியின் பெயர் கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்திலும் ஏன் கொன்றார்கள், அவர்களுக்குப் பின்னால் யார் என்னும் கேள்விகளுக்கு விடை இல்லை. கல்கி அந்த இடத்தில் கற்பனையை வைத்தார். கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை அடித்துச் சொல்லாமல் விட்டார். சான்றுக்கு அவர் செய்த மரியாதை அது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு நாளில் சரித்திர நாவல்களைப் பற்றிப் பல கட்டுரைகள் வாசிக்கப்படும். மன்னன் உண்மையில் இருந்தானா, போர் எந்த ஆண்டில் நடந்தது என்று சரிபார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த நாவலில் மன்னனைச் சந்திக்க யார் அனுமதி தருகிறார், ஓலையை முதலில் யார் படிக்கிறார், கெட்ட செய்தி எத்தனை வாய் கடந்து அரியணைக்கு வருகிறது என்று பாருங்கள். சாரெஸ் அதைக் கவனித்தார், சுந்தரம் பிள்ளை கவனித்தார். நம் நாவல்களில் பெரும்பாலானவை குதிரைகளையும் மாறுவேடத்தையும்தான் கவனித்தன.

செங்கோட்டையும் நாஞ்சில் நாடும் 1956 நவம்பர் 1ஆம் நாள் ஒன்றாகத் தமிழ்நாட்டோடு இணைந்தன. குடிலன் தூதில் முடிந்துவிட்ட அந்த எல்லைச் சிக்கல், நாடகம் வெளிவந்த 65 ஆண்டுகளுக்குப் பின் ஒரு சட்டத்தின் வழியே தீர்ந்தது. இணைப்புப் போராட்டக் காலத்தில் இந்நாடகம் எப்படிப் படிக்கப்பட்டது, எல்லையின் இருபுறத்து வகுப்பறைகளிலும் அதன் சேர பாண்டியப் பகை எப்படிப் பேசப்பட்டது என்பது இன்னும் விரிவான ஆய்வுக்கு உரியது. அன்று படித்த முதியவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். இக்கருத்தரங்கு முடிவதற்குள் யாராவது ஒருவர் அந்தப் பணியை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். மதிய இடைவேளையில் என்னை வந்து பாருங்கள், உடன் இருந்து உதவுகிறேன்.

முதல் அமர்வின் தலைவரையும் கட்டுரையாளர்களையும் மேடைக்கு அழைக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.