இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொறியாளன் என்பதால் பாலம், பம்பு, பாய்லர் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு விளையாட்டைப் பற்றி. "இந்த வயசுல விளையாட்டா?" என்று என் மனைவியே கேட்டாச்சு. நீங்களும் கேட்கலாம், தப்பில்லை.

2016-ல் வேலை நிமித்தம் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் இருந்தேன். அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் லேக் ஜெனீவா என்றொரு சின்ன ஊர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு 1974-ல் அந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். திறந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயித்தவன், தோற்றவன் என்று யாரும் கிடையாது. ஒரே கதை மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட ஓடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சாகசம் முடிந்து அடுத்த சாகசம் தொடங்கும்வரை அந்த வீரன் என்ன செய்துகொண்டிருந்தான்? அவனும் மனிதன்தானே! கல்யாணம், கடன், வயோதிகம் எல்லாம் அவனுக்கும் வருமே.

இதற்குப் பலர் பல வழி கண்டார்கள். 1979-ல் வந்த கதைசொல்லிகளுக்கான கையேட்டில் கைகாக்ஸ், ஆட்டம் நடக்காத நாட்களில் நிஜத்தில் ஒரு நாள் போனால் கதையிலும் ஒரு நாள் போகட்டும் என்றார். 1985-ல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய 'பென்டிராகன்' விளையாட்டில் ஒரு சாகசத்துக்கு ஒரு வருடம் என்று கணக்கு. சாகசம் முடிந்ததும் 'குளிர்காலம்' என்று ஒரு கட்டம். குதிரை பிழைத்ததா, நிலம் விளைந்ததா, குழந்தை பிறந்ததா என்று பகடை உருட்டுவார்கள். 35 வயதானால் மூப்புக்கும் தனியாக உருட்ட வேண்டும்! (என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது.) வீரன் செத்தால் மகன் வந்து கதையைத் தொடருவான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த வருடம் அப்பா படுத்துவிட்டார் என்று தகவல் வந்து ஊருக்கு ஓடி வந்தேன். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. காரியங்களை முடித்துவிட்டு ஆறு வாரம் கழித்துத் திரும்பினேன். அந்த சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். கதைசொல்லி அறுபது வயதுப் பெரியவர். அவர் கேட்டதை நம் பாஷையில் சொல்கிறேன்: "ஆறு வாரம் ஓடிப்போச்சு. உன் வீரன் எங்கே போயிருந்தான் தம்பி? சொல்ல வேண்டாம்னு தோணினா, சத்திரத்துல தூங்கிட்டிருந்தான்னு எழுதிக்கிறேன்."

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். "ஊருக்குப் போயிருந்தான். அப்பா பாதியில விட்ட கூரையை வேய்ஞ்சு முடிச்சுட்டு வந்தான்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று ஆட்டம் கழித்து, கதையில் வந்த ஒரு கிராமத்துக் கிழவர் என் வீரனைப் பார்த்து, "நீ வேய்ந்த கூரை இந்த மழைக்கு ஒழுகலைப்பா" என்றார். நான் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். ஊரில் அழாத அழுகை அது.

அந்தப் பெரியவரிடம் கற்றது மூன்று விஷயம். இடைவெளியில் நடந்ததை அந்த ஆளிடமே கேள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. சொன்னதை மறக்காதே. ஒருவன் இல்லாத நேரத்தில் அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கதையில் கொன்றுவிடுவது அவரிடம் நடக்காது.

ஆனால் கற்றதைக் கடைப்பிடித்தேனா? 2019-ல் எங்கள் செட்டின் பத்தாம் ஆண்டு சந்திப்பு. எங்கள் விடுதி மெஸ் செகரட்டரி வரவில்லை. "பெரிய ஆளாயிட்டான்டா, நம்மளையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது!" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி எட்டு மாதமாகியிருந்தது, எங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு வராமல் இருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுடைய இடைவெளியை அவனைக் கேட்காமலே நாங்களாக எழுதிவிட்டோம். இன்று அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். மச்சான், மன்னிச்சுக்கோடா.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1987-ல் வந்த 'ஆர்ஸ் மேஜிகா' விளையாட்டில் மந்திரவாதிகள் சாகசத்தில் மட்டும் வளர்வதில்லை. சாகசம் இல்லாத பருவங்களில் உட்கார்ந்து படித்துத்தான் பெரும்பாலும் வளர்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும் விடுமுறையும் கணக்கில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று மதியம் பந்தியில் பக்கத்தில் உட்காருபவரிடம் "இப்ப எங்க இருக்கே, என்ன சம்பளம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நடுவுல எப்படிப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் "தூங்கிட்டிருந்தேன்" என்றால் சிரித்துவிட்டுப் பாயசத்தை அவர் பக்கம் நகர்த்துங்கள். வேறு ஏதாவது சொன்னால், அடுத்த சந்திப்பு வரை ஞாபகம் வைத்திருங்கள்.