மகள் தனியே போகலாமா?



எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். முன்பின் தெரியாத எட்டுப் பேர் படுக்கும் அறையில் என் மகள் எப்படித் தூங்குவாள் என்று. சிரித்து ஒதுக்கிவிடும் கேள்வி அல்ல இது. ஆனால் இதே கேள்வியை மகனுக்காக நாம் கேட்பதில்லையே! 18 வயதில் பையன் மூட்டையைச் சுமந்துகொண்டு தேசிய சேவைக்குப் போனால் படம் எடுத்துக் கூடத்தில் மாட்டுகிறோம். அங்கே அவனுக்கென்ன தனி அறையா கொடுக்கிறார்கள்? 25 வயதில், சொந்தச் சம்பளத்தில், மகள் முதுகுப்பையைத் தூக்கினால் மட்டும் வீட்டில் இடி விழுகிறது.

இந்த விடுதிகள் ஊர்சுற்றிகளுக்காகப் பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தது பள்ளிப் பிள்ளைகளுக்காக. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்று ஓர் ஆசிரியர். 1909ஆம் ஆண்டு மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் தூங்கினார்கள். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் இப்படித் தங்கவைத்தால் என்ன என்று அந்த இரவில் அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் நிரந்தர விடுதியே திறந்துவிட்டார். ஒரு வாத்தியாரின் யோசனைதான் இது!

சரி, பாதுகாப்புக்கு வருவோம். பல விடுதிகளில் பெண்களுக்கு மட்டுமான அறை உண்டு. பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். பூட்டுப் பெட்டி இருக்கும், பூட்டு இருக்காது. அதை இங்கிருந்தே கொண்டு போகவேண்டும். கடப்பிதழைத் தலையணைக்கு அடியில் வைப்பது நம்மவர் பழக்கம். பூட்டுப் பெட்டிதான் அதற்கு இடம். புதிய ஊருக்குப் பகலில் போய்ச் சேருவது நல்லது. இரவில் வரவேற்பு மேசையை மூடிவிடும் விடுதிகளும் இருக்கின்றன. படுக்கும் முன் மெத்தையின் தையல் ஓரங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மூட்டைப்பூச்சிக்கு விலை உயர்ந்த ஹோட்டல், மலிவு விடுதி என்ற பேதமெல்லாம் கிடையாது.

பொதுச் சமையலறை இருக்கும். சைவப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். சோறு வடிக்கலாம், பருப்பு வேகவைக்கலாம். கடுகு மட்டும் தாளிக்காதீர்கள்! புகை எச்சரிக்கை மணி அலறி, மொத்த விடுதியும் வாசலில் வந்து நிற்கும்.

குடித்துவிட்டுக் கூத்தடிப்பதற்கே பெயர்போன விடுதிகளும் இருக்கத்தான் செய்கின்றன, மறைக்க மாட்டேன். ஏற்கெனவே தங்கிய பெண்கள் எழுதிய கருத்துகளைப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைப் பெற்றோரும் உடன் உட்கார்ந்து படிக்கலாமே. எங்கெங்கே தங்குகிறாள் என்ற பட்டியல் வீட்டில் இருக்கட்டும். வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்திலும் பயணத்தைப் பதிவு செய்யலாம். மணிக்கொரு தடவை கூப்பிடாதீர்கள். எந்த நேரத்தில் செய்தி வரவேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அம்மா, இன்னும் தயக்கமாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். இதே மாதிரி விடுதிகள் நம் லிட்டில் இந்தியாவிலேயே இருக்கின்றன. அடுத்த முறை தேக்காவுக்கு மீன் வாங்கப் போகும்போது, மகளையும் கூட்டிக்கொண்டு ஒன்றில் நுழையுங்கள். ஓர் அறையைக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.