கேட்டு எடுத்த படம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இப்பொழுதெல்லாம் நம்முடைய குடும்பங்களும் எல்லை தாண்டிப் பயணம் போகின்றன. முன்பெல்லாம் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பயணம் என்றால் தைப்பூசத்துக்குப் பத்துமலை, இல்லாவிட்டால் தண்ணீர்மலை. இன்று சேமிப்பில் கொஞ்சம் எடுத்து, கடப்பிதழையும் எடுத்துக்கொண்டு, அண்டை நாட்டையும் பார்த்துவிட்டு வருகிறோம். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆளுக்கொரு கைப்பேசி இருப்பதால், போன இடத்திலெல்லாம் படமும் எடுக்கிறோம். மூன்று நாள் பயணத்தில் முந்நூறு படம். ஆனால் ஒரு கேள்வி. அந்த முந்நூறு படங்களில் இருக்கும் அந்நாட்டு மக்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். வெளிநாட்டுத் தெருவில் படம் எடுப்பது எப்படி, அதன்வழி அவ்வூர் மக்களோடு பழகுவது எப்படி என்பதைச் சிறிது பார்ப்போம்.

தெருவில் நடக்கும் அன்றாட வாழ்க்கையைப் படமாக்குவது ஒரு தனிக் கலை. 1925-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 'லைக்கா' என்னும் சிறிய படக்கருவி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலான கருவிகள் கனமானவை. முக்காலியில் நிறுத்தி, ஆளை அசையாமல் இருக்கச் சொல்லி எடுக்க வேண்டியிருந்தது. கைக்குள் அடங்கும் கருவி வந்த பிறகு, நடந்துகொண்டே படம் எடுப்பது எளிதாயிற்று. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஹென்றி கார்ட்டியே பிரெஸோன் இதில் பெரும் புகழ் பெற்றவர். 1908-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். பாரிசில் தேங்கிய மழைநீரை ஒருவர் தாவிக் கடக்கும் நொடியை அவர் 1932-இல் எடுத்த படம் உலகறிந்தது. தம் கருவியின் பளபளப்பு பிறர் கண்ணில் படாதிருக்கக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துவிடுவார். மக்கள் அறியாமலே எடுப்பது அவருடைய வழி.

நாங்களும் அந்த வழியையே நம்பிக்கொண்டுதான் சென்ற ஆண்டு தாய்லாந்தின் தென்பகுதிக்குப் போனோம். பாடாங் பெசார் வரை மின்சார ரயில். அங்கே ஒரே நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடுகிறது. பிறகு தாய்லாந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹாட்யாய். நம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். எங்களோடு அத்தையும் வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம்.

மறுநாள் காலை சந்தைக்குப் போனோம். ஹாட்யாயில் கோழியை மசாலையில் ஊறவைத்துப் பொரித்து, மேலே வறுத்த சின்ன வெங்காயத்தைத் தூவி, பசையரிசிச் சோற்றோடு விற்பார்கள். ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்ப் புகையும், அதை ஊடுருவி வந்த காலை வெயிலும், அவருடைய முகச் சுருக்கங்களும் நல்ல படமாகத் தோன்றின. நாங்கள் கேட்கவில்லை. கைப்பேசியை உயர்த்தி இரண்டு மூன்று படங்கள் எடுத்தோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

அவர் திட்டவில்லை. சத்தம் போடவுமில்லை. ஆனால் அந்தத் துண்டைப் பார்த்தபோது எங்களுக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது. எடுத்த படங்களை அங்கேயே அழித்துவிட்டு நகரப் பார்த்தோம்.

அத்தை நகரவில்லை. கடையின் பின்புறம் அந்த அம்மாவின் கணவர் உட்கார்ந்து, கல்லில் ஒரு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அத்தை அதையே பார்த்தார். பிறகு கை கூப்பி வணங்கிவிட்டு, காற்றிலேயே கோடு இழுத்துக் காட்டினார். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் அந்தக் கோட்டைப் பால்மரம் வெட்டியவர் எவரும் அறிவார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கத்தியைத் திருப்பிப் பிடித்து அத்தையிடம் நீட்டினார். நம் நாட்டில் 'ஜெபோங்' என்போமே, அதே வகைக் கத்தி. அங்கும் அதற்கு அதே பெயர்தான்!

நேயர்களே, உலகில் மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவிக்கும் நாடு இன்று தாய்லாந்து. அந்நாட்டின் முதல் ரப்பர் மரம் 1899-இல் திராங் மாநிலத்துக் காந்தாங் என்னும் ஊரில் நடப்பட்டது என்பது அவர்கள் போற்றும் வரலாறு. அங்கே பெரும்பாலும் பெருந்தோட்டங்கள் இல்லை. சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு குடும்பங்களே பால் எடுக்கின்றன. நடு இரவு கழிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போய்விடுகிறார்கள். இரவுக் குளிர்ச்சியில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அதனால் பால் நன்றாக ஓடும்.

அந்த வீட்டு மருமகளுக்கு மலாய் தெரிந்திருந்தது. அவர் வழியாகப் பேச்சு வளர்ந்தது. அவர்களுடைய மரங்கள் எத்தனை, எங்கள் பக்கம் மழைக்காலத்தில் வெட்டு எத்தனை நாள் நிற்கும், ஒட்டுப்பாலை என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். அத்தை தம் கையை விரித்துக் காட்டினார். அந்த அம்மாவும் தம் கையை நீட்டினார். அவரும் கடை போடுவதற்கு முன் மரம் வெட்டியவராம். இருவர் உள்ளங்கையிலும் ஒரே இடத்தில் காய்ப்பு இருந்தது.

சிறிது நேரம் கழித்து அந்த அம்மாவே எங்கள் கைப்பேசியைச் சுட்டிக்காட்டினார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். தலை சீவி, வேறு மேல்சட்டை அணிந்து வந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்பொழுது எடுங்கள் என்று தலையசைத்தார். அப்பொழுதுதான் எங்களுக்குப் புரிந்தது. முதலில் அவர் மறுத்தது படத்தை அன்று. எண்ணெய் படிந்த உடையில், வியர்வையோடு, தம்மைக் கேட்காமல் எடுத்த படத்தைத்தான் மறுத்தார்.

அன்று மாலை ஒரு படக்கடையில் அந்தப் படத்தை இரண்டு பிரதி அச்சிட்டோம். மறுநாள் காலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாரும் பார்க்கும்படி செருகி வைத்தார். எங்கள் பிரதியின் பின்புறம் தம் பெயரைத் தாய் எழுத்தில் எழுதித் தந்தார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் அத்தை ஒன்று சொன்னார். "எனக்குப் பதினாறு வயசிருக்கும். தோட்டத்தைப் பார்க்க யாரோ வந்தாங்க. மரத்தடியில நான் குனிஞ்சு மங்கு எடுக்கிறப்போ படம் புடிச்சாங்க. ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் படத்த நான் இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்ல. அது எந்த வீட்டுச் சுவத்துல தொங்குதோ!"

இது அத்தை ஒருவருடைய கதை மட்டுமா? மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் எடுக்கப்பட்ட பழைய அஞ்சலட்டைகளைப் பாருங்கள். மரம் வெட்டும் தமிழர், மாட்டு வண்டி ஓட்டும் தமிழர், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தமிழ்ப் பெண் என்று எத்தனையோ படங்கள். அடியில் இனத்தின் பெயர் இருக்கும். தொழிலின் பெயர் இருக்கும். அந்த ஆளின் பெயர் இருப்பது அரிது. அவர்களில் எவர் நம் கொள்ளுப்பாட்டி என்பதை இனி எப்படி அறிவோம்?

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கலிபோர்னியாவில் நிபோமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரோதியா லாங் என்னும் அம்மையார் ஒரு தாயைப் படம் எடுத்தார். கவலையோடு கன்னத்தில் கை வைத்த தாய். இருபுறமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள். அரசாங்கத்துக்காக எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1978-இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் வருந்திச் சொன்னார். அந்தப் படம் ஏழைத் தொழிலாளர்களின் துயரத்தை நாட்டுக்குக் காட்டியது, அது உண்மை. அவருடைய வருத்தமும் உண்மை. இரண்டையும் நாம் மறக்கக்கூடாது.

கேளாமல் எடுக்கும் படங்கள் எல்லாம் தவறு என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் நிறைந்த தெருவை, திருவிழாவை, மழையில் ஓடும் மக்களைக் கேட்டுக்கொண்டா எடுக்க முடியும்? ஆனால் ஒருவருடைய முகத்தையோ உழைப்பையோ வறுமையையோ தனியே எடுக்கும்போது, அவர் நம்மைப் போன்ற மனிதர் என்ற நினைவு வேண்டும். பெயரில்லாமல் படமாகிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளான நாமே அதை மறந்தால், வேறு யார் நினைப்பார்கள்?

இனி, பயணத்தில் உதவக்கூடிய சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கைப்பேசியை உடனே எடுக்காதீர்கள். ஏதேனும் வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள். தாய்லாந்தில் கை கூப்பி, ஆண்கள் 'சவாதி க்ராப்' என்றும், பெண்கள் 'சவாதி கா' என்றும் சொல்ல வேண்டும். வயதில் மூத்த பெண்ணைப் 'பா' என்றும், ஆணை 'லுங்' என்றும் அழைப்பார்கள். நாம் பெரியம்மா, பெரியப்பா என்பதைப் போன்ற சொற்கள் இவை. 'தாய் ரூப் டாய் மை?' என்றால் 'படம் எடுக்கலாமா?' என்று பொருள். உச்சரிப்பு சற்றுத் தவறினாலும் பரவாயில்லை; சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அதுவே பழக்கத்துக்கு வழி.

இரண்டாவது, வேண்டாம் என்று தலையசைத்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். பிள்ளைகளை எடுப்பதானால் பெற்றோரைக் கேளுங்கள். குடிநுழைவுச் சாவடியிலும், காவல், இராணுவச் சாவடிகளிலும் கைப்பேசியை உயர்த்தாதீர்கள். புத்தர் சிலைமேல் ஏறியோ சாய்ந்தோ படம் எடுப்பது அவர்களுக்கு மனவேதனை தரும். பெண்கள் புத்த பிக்குகளைத் தொடக்கூடாது. படத்துக்காக அருகில் உரசி நிற்பதும் கூடாது.

மூன்றாவது, வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் சாய்ந்த மாலையிலும் எடுங்கள். உச்சி வெயிலில் முகம் பாதி இருண்டுவிடும். கைப்பேசியின் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுப்பதைவிட, இரண்டடி கிட்டே போய் எடுப்பது தெளிவாக இருக்கும். கிட்டே போவதற்குத்தான் அனுமதி வேண்டும்!

நான்காவது, எடுத்த படத்தை அங்கேயே அவரிடம் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். முடிந்தால் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள். அல்லது கைப்பேசி வழியாக அனுப்புங்கள். படத்தோடு பெயரையும், ஊரையும், தேதியையும் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் நம் பிள்ளைகள் பார்க்கும்போது 'இவர் யார்?' என்று கேட்டால், பதில் சொல்ல முடியும்.

நேயர்களே, அந்தப் பயணத்தில் கடலோர ஊரான சொங்க்லாவுக்கும் போனோம். சமிலா கடற்கரையில் 1966-இல் வைத்த கடல்கன்னிச் சிலையையும், பழைய தெருவிலுள்ள சிவப்பு வண்ண அரிசி ஆலையையும் எடுத்த படங்கள் எங்களிடம் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை யாரும் இப்பொழுது திறந்து பார்ப்பதில்லை. அத்தை வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு படம்தான் மாட்டியிருக்கிறது. இரண்டு வயதான பெண்கள் கைகோத்து நிற்கும் படம். வருகிறவர்கள் யார் என்று கேட்டால், அத்தை அந்த அம்மாவின் பெயரைத் தடுமாறாமல் சொல்கிறார்.

உங்கள் அடுத்த பயணத்திலும் அப்படி ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.