பெயரை எடுத்துவிட்டால் போதுமா?
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சினியருக்கு மருத்துவப் படிப்பு விண்ணப்பத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் சீனியர்களின் பிள்ளைகள் பலர் இப்போது அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க மனுப் போடுகிறார்கள். நம்ம ஊரில் நீட் மார்க் வந்தால் கதை முடிந்தது. அங்கே அப்படியில்லை. 'ஏன் டாக்டர் ஆக விரும்புகிறாய்' என்று 5,300 எழுத்துக்குள் கட்டுரை எழுத வேண்டும். இங்கிலீஷ் சுமாராக வரும் என்பதால் அதைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்புவார்கள்.

அப்படி ஒரு சீனியரின் மகள் அனுப்பினாள். விடுமுறைக்கு லால்பேட்டை வந்தவள், பக்கத்தில் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து ஒரு மாதம் வேடிக்கை பார்த்திருக்கிறாள். அங்கே வந்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாள். முதலில் படித்தபோது, "நல்லா இருக்கும்மா, ஆனா ஆள் கண் முன்னாடி வரல. இன்னும் விவரம் சேரு" என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

சேர்த்துவிட்டாள். வீராணம் ஏரிக்கரை, வெற்றிலைக் கொடிக்கால், மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ், அவருக்குக் காசநோய். பெயர் மட்டும் இல்லை. "ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்மா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டதுதான் கட்டுரையின் கடைசி வரி! படித்து முடிப்பதற்குள் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

(நீங்கள் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நோய், தொழில், பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஊரும் அதுவல்ல.)

"அமெரிக்காவில் யார் மாமா இவரைத் தெரிஞ்சவங்க?" என்று கேட்டாள். அவள் அனுப்பியது அத்தாவுக்கு, அத்தா அனுப்பியது எனக்கு, நடுவே ஒரு கன்சல்டன்சிக்காரர், ரெண்டு மச்சான்மார். எல்லாம் வாட்ஸ்அப்பில். அமெரிக்கா போவதற்கு முன்பே கட்டுரை ஊரைச் சுற்றியாகிவிட்டது. கல்யாணம் நின்றுபோக இதைவிட வேறென்ன வேண்டும்?

இது கற்பனைப் பயம் இல்லை. 1995-ல் ஒருவர் சென்னையில் ஒரு நோயாளிக்காக ரத்தம் கொடுக்க வந்தார். சோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. விஷயம் வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தரங்க உரிமை முழுமையானதல்ல, மணக்கப்போகும் பெண்ணின் உயிரும் முக்கியம் என்று 1998-ல் தீர்ப்பாயிற்று. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தது வேறு. சட்ட ஏடுகளில் அவர் பெயர் 'எக்ஸ்', மருத்துவமனை 'இசட்'. ஆனால் தீர்ப்பின் ஆரம்பத்திலேயே அவர் என்ன படித்தார், எந்த வருஷம், எந்த மாநிலப் பணி, என்ன பதவி, யாருக்குத் துணையாக வந்தார் எல்லாம் வரிசையாக இருக்கிறது! அந்த ஊர்க்காரனுக்கு எக்ஸ் யாரென்று தெரிய எவ்வளவு நேரமாகும்?

இது கணக்கு. லதான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர் 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றே விவரம் இருந்தால், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் பிரித்துவிடலாம். அது அத்தனை பெரிய நாடு. நம் ஊர்களிலோ 'மூத்த பொண்ணுக்கு நிக்காஹ்' என்ற ஒன்றே போதும். அந்த நாட்டுச் சட்டத்தில் நீக்க வேண்டிய 18 வகை விவரங்களுக்குப் பட்டியலே இருக்கிறது. அதில் ஊரும் உண்டு, தேதியும் உண்டு. நம்மிடமும் 2002-ன் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை, நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கிறது. வேடிக்கை பார்க்க வந்த பெண் அதில் எங்கே வருகிறாள்?

மறுபக்கமும் உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டலில் ரத்த மாதிரிகள் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. நாட்டையே உலுக்கிய அந்த ஆய்வு, ஒரு மாணவியின் பட்ட மேற்படிப்புக் கட்டுரை! அந்தப் பெண்களின் பெயரை நாம் யாரும் அறியோம்.

கட்டுரையைத் திரும்ப எழுதினோம். பொய்யாக வேறொரு நோயாளியைப் படைத்தால் என்ன என்றாள். அது விண்ணப்பத்தில் பொய் சொல்வது, வேண்டாம் என்றேன். ஊர், தொழில், குடும்பம், மாதம் எல்லாம் போயிற்று. 'ஒரு நோயாளி' என்று மட்டும் நின்றது. மிச்ச இடத்தில் அவள் தன்னைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. அவர் அழுதபோது என்ன சொல்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அதை எழுதினாள். முன்னதைவிட அதுதான் நன்றாக இருந்தது. பழைய காப்பியை எல்லோர் போனிலும் அழிக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அழித்தார்களா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு 'ஆஸ்பத்திரி மேலாண்மை' எடுப்பவர்கள் இன்றும் இருப்பீர்கள். எங்கள் குழுவும் அதைத்தான் செய்தது. சோதித்துப் பார்க்க நிஜமான ஓ.பி. நோட்டையே வாங்கி வந்து டைப் செய்தோம். ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் ஸ்க்ரீன்ஷாட் ஒட்டியதாக ஞாபகம். பெயர், வயது, நோய் எல்லாம் தெளிவாக. நாலு காப்பி பைண்டு பண்ணினோம், ஒன்று நூலகத்தில் இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நூலகத்தைத் திறந்துவிடுகிறேன் என்று நூலகர் சொல்லியிருக்கிறார். என் செட்டில் மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். பிரியாணி முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்.