கணைய வீக்கமும் கவனிக்க வேண்டிய மூன்று காரியங்களும்



மேல் வயிற்றில் வலி எடுத்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது "காற்றுப் பிடிப்பு" என்பதுதான். தைலம் தேய்ப்போம், சுக்குத் தண்ணீர் கொடுப்போம். பல வேளைகளில் சரியாகியும் விடும். ஆனால், வலி முதுகு வரை பரவி, வாந்தியும் நிற்காவிட்டால் அது கணைய வீக்கமாக இருக்கலாம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதுவே. செரிமான நீர் குடலுக்குப் போன பிறகுதான் வேலை செய்ய வேண்டும். மதுவினாலோ, பித்தக் கல் வழியை அடைப்பதாலோ கணையம் புண்பட்டால், அந்த நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்குகிறது.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாயார் இந்நோயால் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, "மறைவில் சம்சு குடித்திருப்பாள்" என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவருக்கு இருந்ததோ பித்தக் கல். அந்தப் பேச்சுக்கு அஞ்சி, மறுமுறை வலி வந்தபோது இரண்டு நாள் வாய் திறக்காமல் கிடந்தார். சம்சு இந்நோயைத் தரும் என்பது உண்மை. ஆனால் இந்நோய் கண்டவர் எல்லாரும் குடிப்பவர் அல்லர். குடித்தவரே ஆனாலும் அவருக்கும் வைத்தியம் வேண்டும்.

ஆகவே முதற் காரியம், உடனே போவது. முன்பு தோட்டத்து டிரெசர் பார்த்து அனுப்பி வைப்பார். இன்று பல தோட்டங்கள் இல்லை, டிரெசரும் இல்லை. நாமேதான் புறப்பட வேண்டும். சுங்கை சிப்புட்டோ, பத்து காஜாவோ, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியோ, அருகில் உள்ளதற்குப் போவோம்.

இரண்டாவது, பொறுப்பது. வீங்கிய கணையத்தைச் சுற்றி நீர் தேங்கக்கூடும். பெரும்பாலும் அது தானாகவே வற்றிவிடும். வற்றாத நீரைச் சுற்றி உறுதியான சுவர் உண்டாக ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டுக் கீறினால் ஆபத்து அதிகம். "ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்" என்று கோபித்து நோயாளியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது. அந்தக் காத்திருப்பும் வைத்தியமே.

நீர் இரைப்பையை அழுத்திச் சாப்பிட முடியாமல் போனாலோ, சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தாலோ, அதை வெளியேற்ற வேண்டும். முன்பு வயிற்றைத் திறந்து அறுவை செய்வார்கள். இப்போது வாய் வழியாக வளையும் குழாயை விட்டு, அதன் நுனியில் உள்ள ஸ்கேன் கருவியால் நீர் இருக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள். பிறகு இரைப்பைச் சுவரில் துளையிட்டுச் சிறு குழாய் வைக்கிறார்கள். பால் மரத்தில் தகரம் குத்தி மங்கில் பாலை இறக்குவதுபோல, நீர் இரைப்பைக்குள் இறங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர வைத்தியர்கள் இம்முறையை 1992இல் எழுதி வெளியிட்டார்கள். சீழ் பிடித்தவர்களிடம் இவ்வழியையும் அறுவை வழியையும் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2018இல் வெளிவந்தது. உயிர்ச்சேதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இவ்வழியில் சென்றவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் குறைவு. இரத்தக் கசிவு போன்ற ஆபத்துகள் இதிலும் உண்டு. ஆகவே நிபுணர்களே செய்வார்கள். தேவையானால் செலாயாங் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

மூன்றாவது, திரும்பிப் போவது. நாம் தவறுவது இங்கேதான். வலி நின்றதும் ஆஸ்பத்திரி அட்டையை அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறோம். உள்ளே வைத்தது உலோகக் குழாயானால், பெரும்பாலும் 3, 4 வாரத்தில் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே இரத்தம் கசியலாம். இடையில் காய்ச்சல் வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே போக வேண்டும்.

பித்தக் கல் இருந்தால் அதற்கும் வைத்தியம் செய்துகொள்வோம். மதுவை அடியோடு விடுவோம். இல்லையேல் நோய் திரும்பும், இனிப்பு நீரும் சேரும்.

இன்றே வீட்டில் யாருடைய அட்டையாவது அலமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் குறித்த தேதியைப் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.