மனநலச் சிகிச்சையும் கட்டண உரிமையும்

(உரையின் எழுத்து வடிவம்)

கடைத்தெருவில் விலை கேட்பதை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. அந்தமானின் அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகளில், வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் நாள்தோறும் பேரம் நடைபெறுகிறது. ஆனால், துணிக்குப் பேரம் பேசும் அதே மனிதர், மனச்சோர்வுக்காகத் தனியார் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நாடும்போது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, ரசீது கூடப் பெறாமல் திரும்பிவிடுகிறார். மனநோய் பற்றிச் சமுதாயத்தில் நிலவும் கூச்சம் நோயை மறைப்பதோடு நிற்பதில்லை. பணக் கணக்கையும் மறைத்துவிடுகிறது.

இது சிறிய இழப்பன்று. மனநலச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரங்களுக்கு 12,000 ரூபாய் ஆகும். கட்டணம் முன்கூட்டியே தெரியாத குடும்பம் பாதியில் சிகிச்சையை நிறுத்த நேரிடும். ஆதலால், அமர்வின் கட்டணம், அதன் கால அளவு, வர இயலாத நாளுக்குப் பணம் உண்டா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பனவற்றை முதல் நாளிலேயே கேட்டறிவது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு, ஒழுங்குமுறை) சட்டம், தில்லி நீங்கலான யூனியன் பிரதேசங்களில் 2012 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக்கும் இதில் அடங்கும். கட்டண விவரத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எளிதில் கண்ணில்படும் இடத்தில் வைக்க வேண்டுமென்று 2012ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

பணம் பெற்றுக்கொண்டு அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் ‘சேவை’யே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிக நடவடிக்கைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. நம்பிக்கையின்பேரில் தெரிவிக்கப்பட்ட சொந்த விவரங்களைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவதும் அதே பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே, ரசீது கேட்டால் செய்தி வெளியாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சட்டம் இரண்டையும் ஒருசேரக் காக்கிறது.

தீவு மக்களுக்குத் தொலைவு ஒரு தனி இடர்ப்பாடு. சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆதலால் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ நிலப்பகுதி மருத்துவரை நாடுவோர் உண்டு. அவ்வாறு ஆலோசனை வழங்கும் மருத்துவரும் கட்டணத்துக்கு ரசீது தர வேண்டுமென்று 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. குறை நேர்ந்தால் முறையீடு செய்யச் சென்னைக்குப் பயணப்பட வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 இலட்ச ரூபாய்க்கு மேற்படாவிடின் வழக்குக் கட்டணமும் இல்லை.

யாரிடம் பணம் செலுத்துகிறோம் என்பதையும் அறிய வேண்டும். மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு ஒப்பாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. எனினும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும் பாலிசிகள் பல. அத்தகைய பாலிசி வாரந்தோறும் நடைபெறும் அமர்வுகளுக்குப் பயன்படாது. பாலிசியின் விதிகளை முன்னரே படித்தறிதல் நலம்.

பணம் இல்லாதவருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசு மனநல நிலையங்களில் இலவச சிகிச்சை பெறும் உரிமையை அதே சட்டம் வழங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அலுவலர்கள் சிந்திக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் வங்காளி பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். இந்தி பேசுவோர் 19 பேர். தமிழ் பேசுவோர் 15 பேர். விதி கூறும் ‘உள்ளூர் மொழி’ இங்கே ஒரே மொழியாக இருக்க இயலாது. கட்டணப் பலகை இம்மூன்று மொழிகளிலும் இருந்தால்தான், வாய் திறந்து கேட்கக் கூசுபவரும் அதைப் படித்து அறிந்துகொள்வார். கேட்பவரின் துணிவை மட்டும் நம்பி ஓர் உரிமை நிற்க முடியாது. கேட்காதவருக்கும் அது கிட்டும்படி செய்வதே நிர்வாகத்தின் கடமையாகும்.