தொலைவிலிருந்து எழுதக் கற்றல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பென்னாகரத்திலிருந்து மாவட்டத் தலைநகராகிய தருமபுரி சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நிலப்படம் காட்டும் தொலைவு இது. கல்வியின் தொலைவோ வேறு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் அது சுமார் 68.5 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி இடம் அது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டன. இத்தகைய வட்டாரத்தில், கல்லூரி வாசலை மிதிக்க இயலாத ஒருவர் எழுத்துக் கலையைக் கற்க விரும்பினால் அவருக்கு என்ன வழி உண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

வழி இல்லாமல் இல்லை. அஞ்சல்வழிக் கல்வியை இந்தியாவில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அதனை மேற்கொண்டன. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பகலில் கடையிலும் பட்டறையிலும் உழைத்து, இரவில் பாடநூலைப் புரட்டிப் பட்டம் பெற்றோர் இம்மாவட்டத்தில் ஊர்தோறும் உண்டு. அஞ்சற்காரர் கொண்டுவந்த பாடக்கட்டு இன்று கைப்பேசியில் வருகிறது. தொலைநிலையிலும் இணையவழியிலும் முறைப்படிப் பெறும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்ததால், பழைய இளக்காரமும் ஓரளவு குறைந்துள்ளது.

ஆயினும் எழுத்துக் கலை ஏனைய பாடங்களைப் போன்றதன்று. வரலாற்றையும் பொருளியலையும் நூலைப் படித்துப் பெரும்பகுதி கற்றுவிடலாம். எழுத்தைக் கற்க நூல் படித்தல் முதற்படியே. எழுதியதை வேறொருவர் ஊன்றிப் படித்து, இவ்விடத்தில் பொருள் தெளியவில்லை, இவ்வரி மிகை, இச்சொல் நன்று என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தருதல் வேண்டும். அக்குறிப்பைக் கண்டு மீண்டும் எழுதுகையில்தான் கல்வி நிகழ்கிறது. பாடம் எவ்வளவு தொலைவிலிருந்தும் வரலாம். படிப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

தொலைநிலைக் கல்வியின் முன்னோடிகள் இதனை அறிந்திருந்தனர். ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறையை 1840-ஆம் ஆண்டளவில் அஞ்சல் வழியே கற்பித்தார். இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் மடல் அனுப்பும் வசதி அவ்வாண்டில்தான் வந்தது. மாணவர் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார். பிட்மன் அதனைத் திருத்தி மீண்டும் அனுப்புவார். அத்திருத்தமே அம்முறையின் உயிர்.

நம் நாட்டில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படைப்பெழுத்துக்கு ஆங்கிலத்தில் பட்டயப் படிப்பு ஒன்றை வகுத்தது. எழுத்தின் பொது நெறிகள், கட்டுரை, சிறுகதை, கவிதை, வானொலி, தொலைக்காட்சி எழுத்து எனப் பகுக்கப்பட்ட பாடம் அது. அப்பல்கலைக்கழகத்தின் பாடங்களில் ஒப்படைப்பு என்னும் முறை உண்டு. மாணவர் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் விடைகளை ஆசிரியர் ஒருவர் மதிப்பிட்டுக் குறிப்புடன் திருப்பி அனுப்ப வேண்டும். பொதுவாக மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு இதற்குரியது. வடிவமைத்தோரின் நோக்கம் தெளிவு: தொலைவில் இருக்கும் மாணவரோடு ஆசிரியர் உரையாடும் இடம் அந்த ஒப்படைப்பின் ஓரமே. அவ்வோரம் வெறுமையாகத் திரும்பினால், அல்லது மதிப்பெண் ஒன்றை மட்டும் தாங்கித் திரும்பினால், மாணவர் கட்டணம் செலுத்திப் புத்தகம் வாங்கியவர் ஆகிறாரேயன்றி எழுதக் கற்றவர் ஆவதில்லை.

இணையம் வந்தபின் இச்சிக்கல் தீர்ந்ததா? ஒரு பாதி தீர்ந்தது, மறுபாதி பெருகியது. 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தின் வழியே நாட்டின் சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பென்னாகரத்திலிருந்தும் கேட்கலாம். ஆனால் ஒரு பாடத்தில் ஆயிரக்கணக்கானோர் சேரும்போது, வாராந்தரப் பயிற்சிகள் பெரும்பாலும் சரியான விடையைத் தெரிவுசெய்யும் வினாக்களாக அமைகின்றன. அவற்றைப் பொறியே திருத்திவிடும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதால் இலக்கணம் தெரியும் என மெய்ப்பிக்கலாம். ஒரு பத்தி எழுத வரும் என மெய்ப்பிக்க இயலாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் மற்றொரு சோதனையும் சேர்ந்தது. கேட்ட பொருளில் கேட்ட அளவில் கட்டுரை எழுதித் தரும் பொறி மாணவரின் கைக்கு எட்டியது. பொறி எழுதியதை மாணவர் அனுப்ப, அதனைப் பொறியே மதிப்பிடுமாயின், அங்கே மனிதர் எவரும் எழுதவுமில்லை; எவரும் படிக்கவுமில்லை. பட்டயம் மட்டும் எஞ்சும். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் பாடம் படிக்கும் ஒருவருக்கு இவ்விழப்பு மிகப் பெரிது. வசதி படைத்தவர்க்கு எழுத்தைப் படித்துத் திருத்த வீட்டிலும் நட்பிலும் பலர் உளர். இவர்க்கோ அந்த ஒப்படைப்பைப் படிக்கும் ஆசிரியர் ஒருவரே துணை.

தமிழில் இதற்கு மாற்று மரபு ஒன்று உண்டு என்பது நினைவுகூரத்தக்கது. வல்லிக்கண்ணன் (1920–2006) எந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் அல்லர். சிற்றிதழ்களில் புதிதாக எழுதத் தொடங்கியோரின் படைப்புகளைத் தேடிப் படித்து, ஊர் பேர் அறியாத இளைஞர்க்கும் மடல் எழுதினார். தி.க.சி. என அறியப்பட்ட தி.க.சிவசங்கரன் (1925–2014) திருநெல்வேலியிலிருந்து அஞ்சலட்டைகளில் இதே தொண்டைச் செய்தார். அவ்வட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் எழுத்தாளர் பலர். பாடத்திட்டமோ கட்டணமோ சான்றிதழோ இல்லை. ஆயினும் தொலைவிலிருந்து எழுதக் கற்பித்தல் என்பதன் முழுமையான வடிவம் அதுவே எனலாம்.

இவ்விரண்டும், அதாவது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கும் அஞ்சலட்டையின் பரிவும், ஒன்றுசேர வாய்ப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17-இல் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்க முன்னின்றவர் வா.செ.குழந்தைசாமி. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அவர், குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதை எழுதியவர். தொலைநிலைக் கல்வியின் இயக்கத்தையும் எழுதுவோரின் தேவையையும் ஒருங்கே அறிந்தவர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அந்நிறுவனம் சான்றிதழ் முதல் பட்டம் வரை பாடங்களை அமைத்தது. அதன் மின்னூலகமும் எங்கிருந்தும் திறக்கும். கடல் கடந்த தமிழரை முதன்மையாக எண்ணித் தொடங்கியது எனினும், மலையடிவாரத்துத் தமிழர்க்கும் அது பயன்படும். நூல்கள் வந்து சேர்ந்துவிட்டன. வர வேண்டியவர் படிப்பவரே.

அவர் தொலைவிலிருந்துதான் வர வேண்டுமா? பென்னாகரத்துப் பெண் ஒருவர், புளி தட்டும் வேலையைப் பற்றியோ, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்ற தந்தையைப் பற்றியோ ஒப்படைப்பில் எழுதுகிறார் எனக் கொள்வோம். தொலைவிலுள்ள ஆசிரியர் பிழை திருத்தலாம். ஆனால் ‘அள்ளி’ என முடியும் ஊர்ப்பெயர்களில் கன்னடம் கலந்து வாழ்வதை, ஒரே தெருவில் மூன்று மொழிகள் ஒலிப்பதை அறியாத ஒருவர், உயிருள்ள சொல்லையும் பிழை என அடித்துவிடக்கூடும். அதனைக் காக்கவல்லவர் உள்ளூரில் இருப்பவரே.

பத்தாண்டுகள் நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்று அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க பணி இங்கே தெளிவாகிறது. திங்களுக்கு ஒரு மாலை, தொலைநிலையில் பயில்வோரின் எழுத்துக்கு ஒதுக்கப்படலாம். மேடை வேண்டா, மாலை வேண்டா, பொன்னாடை வேண்டா. நான்கு நாற்காலிகளும் ஒரு சிவப்பு மைப் பேனாவும் போதும். ஒவ்வொருவரும் தம் பக்கங்களைக் கொணர்வர். வட்டத்தினர் படித்து ஓரத்தில் குறிப்பெழுதித் தருவர். அடுத்த திங்களில் திருத்திய படி வரும். புகழ்ச்சி எளிது, அது மாணவரை அவர் நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும். ஒரு பக்கத்தை வரிவரியாகப் படிக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியே வட்டம் தரக்கூடிய அரிய கொடை.

சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தில் இவ்வட்டாரத்துப் பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து 1925-இல் அங்கேயே மறைந்தார். அவர் 1913-இல் சென்னையில் தொடங்கிய ஞானபாநு இதழுக்குப் புதுச்சேரியிலிருந்து எழுதியவர் பாரதியார். ஓர் ஊரில் எழுதியதை மற்றோர் ஊரில் ஒருவர் காத்திருந்து படித்தார் என்பதே அவ்விதழின் வரலாறு. பாடம் இன்று ஒரு நொடியில் பென்னாகரம் வந்து சேர்கிறது. பென்னாகரத்தில் எழுதப்படுவதையும் ஒருவர் காத்திருந்து படிப்பாராயின், தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்ற சொல்லுக்கு வேலை இராது.